அர்த்தம் சொல்கிற அக்கா

இராஜபாளையம்
8 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பெலிக்ஸ் எழுதுகிறேன். நீ உன் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்து இன்றோடு நாற்பது நாள். நோவாவுக்கே நாற்பது நாளில் மழை நின்றுவிட்டது, உன் கோபமும் நின்றிருக்கும் என்று நம்பிப் பேனாவை எடுத்தேன். பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஸ்டாம்ப் ஒட்டுகிறவனைத் தபால் ஆபீஸ் அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார். அக்காவுக்கு என்றேன். இன்னும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உன் மகன் விமலின் புது வீட்டுப் பிரதிஷ்டையில் நான் செய்தது தவறுதான். கண்ணை மூடி, கையைத் தூக்கி, நீ சபையில் அந்நிய பாஷைக்கு அர்த்தம் சொல்கிற மாதிரியே குரலை நடுங்கவிட்டு, ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினின் சத்தத்துக்கு அர்த்தம் சொன்னேன். "என் ஜனமே, துணியை அளவாய்ப் போடுங்கள் என்று சொல்லுகிறார்." எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்டர் மாரீஸ்வரன்கூடக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாலு பேர் கூடிவிட்டால் என் வாய் எனக்கு அடங்காது. உனக்குத் தெரியாததா.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். என் மகள் ஷெரின் பிறந்த அன்றே விமலுக்கு என்று நீதான் சொன்னாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள் அம்மா போன பிறகு எனக்கு உன்னைவிட்டால் யார்? ஆனால் அபிஷேகம் பெறாத பிள்ளை, ஆவி இறங்கி யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசாத பிள்ளை, உன் வீட்டுக்கு மருமகளாக வரக் கூடாது என்று உங்கள் சபை ஜெயபாயிடம் சொல்லி அனுப்பிவிட்டாய். அதற்காகப் பிள்ளை இரண்டு மாதமாக, ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் உங்கள் சபையில் காத்திருப்பு ஜெபத்துக்கு வந்து, பத்து மணி முதல் மூன்று மணி வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் முழங்காலில் நிற்கிறாள். பாஷை வரவில்லை. முட்டியில் தோல்தான் உரிந்து வந்துவிட்டது. எங்கள் யூனிட்டில் அவள் பாக்கிங் செக்‌ஷன், நான் சூப்பர்வைசர். நாங்கள் தயாரிக்கிற பாண்டேஜை நாங்களே கட்டிக்கொள்கிறோம்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். "அப்பா, எனக்கு விமல் அத்தான் வேண்டாம். பாஷ வராம இருக்கறதே எனக்கு நல்லதுதான்" என்றாள். பழைய கதை. பதினாறு வயதில் கன்வென்ஷன் பந்தலில் யாரோ பையனிடம் பாட்டுப் புத்தகம் கேட்டாள் என்று விமல் அவள் கையை முறுக்கினான், வளையல் உடைந்து ரத்தம் வந்தது. அன்றைக்கு நான், "போலீஸ் வேலைக்கு இப்பவே ட்ரெயினிங் எடுக்கான்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவனும் போலீஸ்காரன் ஆகிவிட்டான். நான் சொன்ன தீர்க்கதரிசனத்தில் பலித்தது அது ஒன்றுதான்.

பாஷை இல்லாமலே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா? பதில் போடு.

தம்பி,
பெலிக்ஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.1.2024

கர்த்தருக்குள் தம்பி பெலிக்ஸுக்கு,

பரிபூரணம் எழுதிக்கொள்வது. எழுத்தில் சுகம் விசாரித்தால் அது சமாதானம் ஆகிவிடும். ஆகவே விசாரிக்கவில்லை.

அந்நிய பாஷை வேடிக்கை இல்லை. சபையில் ஒருவர் பேசினால் இன்னொருவர் அர்த்தம் சொல்ல வேண்டும். அர்த்தம் சொல்ல ஆளில்லையா, வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் தேவனோடு பேச வேண்டும். ஆளாளுக்குக் கத்தினால் வெளியே இருந்து வருகிறவன் இதுகளுக்குப் பைத்தியம் என்பான். இது நான் போட்ட சட்டம் இல்லை, வேதத்தின் ஒழுங்கு. எங்கள் சபையில் பதினேழு வருடமாக அர்த்தம் சொல்லும் வரம் எனக்கு மட்டும்தான். எனக்குச் சிக்குன்குனியா வந்த மூன்று வாரமும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பாஸ்டரே தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்படிப்பட்ட என் வீட்டுக்குள் வெறும் வாயோடு ஒருத்தி மருமகளாக வந்தால் சபை என்ன கேட்கும்? பரிபூரணத்தம்மாள் சொந்த வீட்டில் ஆவி இல்லையா என்று கேட்கும்.

வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லத்தான் செய்யும். உன்னைக் கட்டுகிற அன்றைக்கு உன் பெண்டாட்டியும்தான் அழுதாள். கையைப் பிடித்து மேடையேற்றியவள் நான். பிறகு இருபது வருடம் உனக்குச் சோறு போடவில்லையா?

பிப்ரவரி 10, இரண்டாம் சனி. அனுப்பு. வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பு. கதவைச் சாத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பரிபூரணம்


இராஜபாளையம்
3 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உத்தரவு கிடைத்தது. நானும் என்னால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறேன். சபைக்குத் தெரிய வேண்டாம்.

நம் தெற்குப் பக்கத்தில் எத்தனையோ பேர் இப்படித்தான் ஆரம்பித்தார்கள் என்று உனக்கும் தெரியும். ஷெரினை அடுப்படியில் உட்காரவைத்து, "அல்லேலூயாவ வேகமாச் சொல்லிட்டே இரும்மா. செத்த நேரத்துல நாக்கு தானாப் புரளும்" என்றேன். சொன்னாள். கால் மணி நேரம் சொன்னாள். குக்கர் மூன்று விசில் அடித்தது, அதுதான் வந்தது.

"இது பொய்யில்லையாப்பா?" என்றாள்.

"பொய்யில்லம்மா. ஸ்டார்ட்டிங் டிரபிள். கொஞ்சம் தள்ளிவிட்டா வண்டி ஓடிரும்."

"எனக்கு வண்டியே வேண்டாமே. எனக்குத் தெரிஞ்ச அந்நிய பாஷ, பாக்கிங்ல அய்யம்மா அக்காகிட்டப் பேசுற தெலுங்கு மட்டுந்தான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அய்யம்மாள் அவளோடு ஒரே மேசையில் பாண்டேஜுக்கான காஸ் துணி மடிக்கிறவள், வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். நாலு வருடமாக இரண்டு பேருக்கும் அந்தப் பாஷையில்தான் ரகசியம்.

பிறகு கேட்டாள், "அத்தைகிட்ட நீங்களே வேண்டாம்னு சொல்லிரலாம்லப்பா?" சொல்கிறேன் என்றேன். இதோ, உனக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வேண்டாம் என்று எழுதப் பேனா வரவில்லை. உன்னிடம் அந்த வார்த்தையை நான் இதுவரை சொன்னதே இல்லை.

10ஆம் தேதி நானும் வருகிறேன். பின்னால் சுவரோரம் உட்கார்ந்துகொள்கிறேன். பகடி ஒன்றும் பண்ண மாட்டேன். இது சத்தியம்.

பெலிக்ஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
12.2.2024

கர்த்தருக்குள் தம்பிக்கு,

கர்த்தர் செய்தார். நீயும் கண்ணால் கண்டாய்.

மத்தியானம் இரண்டு இருபதுக்கு ஷெரின் வாய் திறந்தாள். அதற்கு முன்னால் இரண்டு தடவை எழுந்து போகப் பார்த்தாள், தோளில் கை வைத்திருந்த சகோதரிகள் விடவில்லை. திறந்தவுடன் பாஸ்டர் மைக்கைக் கொண்டுபோய் வாயருகே பிடித்தார். கண்ணீரோடு பேசினாள். சபை முழுதும் கையைத் தூக்கிற்று. பிறகு ஒழுங்கின்படி எல்லோரும் அமர்ந்தார்கள், நான் எழுந்தேன்.

"இந்த மகளை நான் தெரிந்துகொண்டேன். அவளுக்கு ஒரு வீட்டை ஆயத்தம்பண்ணினேன். நான் சேர்த்ததைப் பிரிக்கத்தக்கவன் யார்? சித்திரை மாதத்தில் அவளை மணப்பந்தலில் நிறுத்துவேன்."

இதுதான் அர்த்தம். பாஸ்டர் அங்கேயே டைரியைத் திறந்து ஏப்ரல் 22, திங்கள் என்று குறித்துவிட்டார். விமல் அதற்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். அழைப்பிதழில் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று ஜெயபாயிடம் சொல்லி அனுப்பு.

பரிபூரணம்


இராஜபாளையம்
17 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ரொம்ப சந்தோஷம். யூனிட்டில் எல்லோருக்கும் மிக்சர் கொடுத்தேன்.

ஒரு சின்ன விஷயம், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பிள்ளை பேசியது பத்துப் பன்னிரண்டு வார்த்தை, அதையே திருப்பித் திருப்பிப் பேசினாள். நீ அர்த்தம் சொன்னது எட்டு நிமிஷம், மாதக் கணக்கு உட்பட. வரம் உள்ளவர்களுக்கு அப்படித்தான் விரியும்போல.

அன்று பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான் கேட்டாள்.

"ஒங்களுக்குமா புரியல?"

"ஆவியானவர் பேசுனது மனுஷனுக்கு எப்படிம்மா புரியும்?" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. சாப்பிட வாங்க, குளிக்கப் போங்க, அவ்வளவுதான். கல்யாணப் பெண்ணுக்குக் கூச்சம் வருவது இயல்புதானே.

பெயரை ஷெரின் ஜாய்ஸ் என்று போடு. அவள் அம்மா வைத்தது.

பெலிக்ஸ்


இராஜபாளையம்
19 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன். கல்யாணத்தில்கூட நீ என்னோடு வாய் திறந்து பேசவில்லை, சம்பந்தி பந்தியில் பாயசத்தை ஜெயபாயைவிட்டு ஊற்றச் சொன்னாய். அதெல்லாம் போகட்டும்.

நேற்று ஷெரினைப் பார்க்க வந்தேன். நீ ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாய். கதவு வெளியே பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பேசினோம். மகளைப் பார்க்க ஜெயிலுக்குப் போகிற தகப்பன்மாரைப் பற்றி நான் பகடி பேசியிருக்கிறேன், அவர்களுக்காவது அங்கே உட்கார ஒரு பெஞ்சு இருக்கும்.

உதட்டில் தையல் போட்டிருக்கிறது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம், அதுவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். இருபத்தாறு வருடம் காயத்துக்குத் துணி தயாரிக்கிறவன் நான். வழுக்கி விழுந்தால் முட்டி பெயரும், முழங்கை பெயரும். உதட்டின் உள்பக்கம் பல்லில் கிழிவது வேறு கணக்கு.

பத்து நாள் அவளை வீட்டுக்கு அனுப்பு. கேட்கிறேன். விமலுக்கு டூட்டி இருக்கிற பத்து நாளாகப் பார்த்து அனுப்பு.

இன்னொன்றும் கேட்கிறேன். பிப்ரவரியில் நீ சொன்ன அர்த்தம் சரிதானா என்று ஒரு சந்தேகம். தவறியிருக்கலாம் என்று நீயே ஒரு வார்த்தை சபையில் சொல்லிவிட்டால் அவளைக் கூட்டிவர எனக்கு வழி கிடைக்கும்.

பெலிக்ஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
26.8.2024

பெலிக்ஸுக்கு,

சந்தேகமா? நான் தீர்க்கிறேன்.

அவள் சொன்னது இதுதான். "வத்து நைனா, வத்து. ஈ பெண்ட்லி வத்து. நன்னு இண்டிக்கி பில்ச்சுகபோ." வேண்டாம் அப்பா, இந்தக் கல்யாணம் வேண்டாம், என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. இதையே ஏழெட்டுத் தடவை சொன்னாள்.

நாம் இரண்டு பேரும் பிறந்த தெருவில் ஏழு வீடு தெலுங்கு. அந்தப் பாஷையில் நீ கெட்ட வார்த்தை பேசி என்னிடம் வாரியலால் அடி வாங்கியிருக்கிறாய். எனக்கு மறக்கும், உனக்கு மறக்காது என்றா நினைத்தாய்? ஜெயபாய்க்கும் புரிந்தது. அவள் மாமியார் வீடு தெலுங்கு. அவள்தான் எல்லோருக்கும் முந்தி ஆமென் சொன்னாள்.

எழுந்து நின்றேன். அர்த்தம் தெரியவில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு நொடி இருந்தது. அப்போது உன்னைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தாய். அவள் கூப்பிட்டது என்னை இல்லை. நைனா என்று உன்னை. கூப்பிடப்பட்டவனே கையைத் தூக்கும்போது உட்கார நான் யார்? நீ கையைக் கீழே வைத்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

விமல் ஒரே ஒரு தடவை கை நீட்டினான். அதுவும் அவள் பதில் சொல்லாமல் நின்றதால். கட்டிக்கொடுத்த பெண் இனி எங்கள் வீட்டுப் பெண். அனுப்ப முடியாது.

பரிபூரணம்


இராஜபாளையம்
4 செப்டம்பர் 2024

அக்கா,

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நியாயமாக என் கையைத்தான் கிழித்திருக்க வேண்டும்.

ஆமாம், புரிந்தது. முதல் வார்த்தையிலேயே புரிந்தது. ஏன் தூக்கினேன்? எல்லோரும் தூக்கினார்கள். என் கை மட்டும் கீழே இருந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எழுந்து, "என் மகளை விடுங்கள்" என்று சொன்னால் நாற்பது பேர் பார்ப்பார்கள். அவ்வளவு பேர் சிரிக்காமல் என்னைப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. இதுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எனக்கே ஆறுதலாக இருக்கும்.

என்னை விடு. போன ஞாயிற்றுக்கிழமை நீ செய்ததைக் கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஜெயபாய் சொன்னாள். சாட்சி சொல்கிற நேரத்தில் ஷெரின் எழுந்து நின்று, அந்நிய பாஷை இல்லை, தெலுங்கும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்த தமிழில் சொன்னாளாம். "அவிய என்னைய அடிக்காவ. அத்தை வெளிய பூட்டு போட்டுட்டுப் போறாவ. என்னைய இங்கருந்து யாராவது கூட்டிட்டுப் போங்க."

நீ எழுந்து அதற்கும் அர்த்தம் சொன்னாய். தமிழுக்குத் தமிழில் அர்த்தம் சொன்னாய். "இது பிள்ளை பேசவில்லை. குடும்பத்தைப் பிரிக்கிற ஆவி அவளுக்குள் இருந்து பேசுகிறது." உடனே நாலு பெண்கள் அவள் தலையைப் பிடித்து அமுக்கி, ஆவி போகிறவரை அமுக்கினார்களாம். "கடைசில அவ அடங்கிட்டா சார், ஸ்தோத்திரம்" என்றாள் ஜெயபாய். இதைச் சொல்லும்போது முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். வாங்கித் தின்றேன் அக்கா. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவளை விட்டுவிடு. காலில் விழுகிறேன்.

பெலிக்ஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.9.2024

பெலிக்ஸுக்கு,

என் காலில் விழ வேண்டாம். சபைக்கு வா.

15ஆம் தேதி ஞாயிறு ஆராதனைக்கு வா. சாட்சி நேரத்தில் பாஸ்டரிடம் சொல்லி உன் கையில் மைக் கொடுக்கச் சொல்கிறேன். மூன்று வாக்கியம் சொல். பிப்ரவரி பத்தாம் தேதி என் மகள் பேசியது தெலுங்கு. அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் கையைத் தூக்கினேன். இவ்வளவுதான். நீ சொன்னால் என் பதினேழு வருடம் அந்த நிமிஷத்தோடு போய்விடும். போகட்டும். பாஸ்டர் தடுத்தாலும் விமல் தடுத்தாலும் அன்றைக்கே அவளை உன்னோடு பஸ் ஏற்றி அனுப்புவேன். இது நான் தேவனுக்கு முன்பாகச் சொல்வது.

சொல்ல வாயில்லை என்றால் இனிமேல் இதைப் பற்றி எனக்கு எழுதாதே.

அவளிடமும் சொல்லிவிட்டேன். "ஒங்கப்பன் ஞாயித்துக்கிழம வந்து பேசுவான்" என்றேன். பையில் இரண்டு சுடிதார் எடுத்து வைத்திருக்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.9.2024

பெலிக்ஸுக்கு,

வந்தாய். வெள்ளைச் சட்டை போட்டிருந்தாய். மைக்கை வாங்கினாய்.

முதலில் பஸ்ஸில் உன் செருப்பை யாரோ மிதித்து அறுத்த கதையைச் சொன்னாய். முன்வரிசை சிரித்தது. பிறகு உன் சர்க்கரை, உன் பல், நீயே சோறு பொங்கி நீயே குறை சொல்லித் தின்கிற கதை. பாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "இப்படிப்பட்ட கோமாளிக்கும் ஒரு நல்ல மகளைக் கொடுத்து, அவளுக்கு ஒரு நல்ல குடும்பத்தைக் கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்தாய். ஏழு நிமிஷம். எனக்கே ஒரு இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

ஷெரின் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், மடியில் பையோடு இருந்தாள். நீ பேசிய நேரமெல்லாம் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ உட்கார்ந்த பிறகும் பார்த்தாள். மறுபடி எழுந்திருப்பாய் என்று நினைத்தாளோ என்னவோ. காணிக்கைப் பாட்டு தொடங்கியபோது பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள். பாத்ரூமுக்கு என்று நினைத்தேன். ஆராதனை முடிந்தும் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை.

அங்கே வந்தாளா?

பரிபூரணம்


இராஜபாளையம்
20 செப்டம்பர் 2024

அக்கா,

இங்கே வரவில்லை. வருவதற்கு இங்கே என்ன இருக்கிறது?

அய்யம்மாளுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாளாம், வேலையும் கிடைத்துவிட்டதாம், தேட வேண்டாமாம். எந்த மில் என்று கேட்டேன். அய்யம்மாள் துணி மடிப்பதை நிறுத்தாமல், "சொல்ல மாட்டேன் சார், வேணும்னா என்னைய வேலைய விட்டு நிறுத்திக்கோங்க" என்றாள். சூப்பர்வைசரிடம் பேசுகிற பேச்சா அது? திரும்பி என் மேசைக்கு வந்துவிட்டேன்.

சொல்லத்தான் வந்தேன் அக்கா. பஸ்ஸில் மூன்று வாக்கியத்தையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்தேன். மைக் கைக்கு வந்ததும் முதல் வாக்கியம் வரவில்லை. அதை வரவழைக்கத்தான் செருப்புக் கதையை எடுத்தேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். ஒருத்தர் சிரித்துவிட்டால் இரண்டாவது ஆளைச் சிரிக்கவைக்காமல் எனக்கு விடாது. அப்படியே போய்விட்டது.

பெலிக்ஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
25.9.2024

தம்பி பெலிக்ஸுக்கு,

நடந்தது நடந்துவிட்டது. இப்போது ஆக வேண்டியதைப் பார்.

மருமகள் எங்கே என்று சபை கேட்கிறது. போன ஞாயிறு காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். விமல் தேடிப் பிடித்து இழுத்துவருகிறேன் என்று குதித்தான். அவள் எஸ்.பி. ஆபீஸுக்குப் போய் உதட்டைக் காட்டி ஒரு மனு எழுதிக் கொடுத்தால் உன் காக்கிச் சட்டையைக் கழற்றிவிடுவார்கள் என்றேன். அடங்கிவிட்டான். ஆனால் சபைக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கௌரவமாக இருக்க வேண்டும். யாரும் திருப்பிக் கேள்வி கேட்காதபடி இருக்க வேண்டும்.

இல்லாததைச் சொல்ல எனக்கு வராது. உனக்குத்தான் எழுத்து வரும். எழுதி அனுப்பு.

அக்கா


இராஜபாளையம்
28 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்து, ஐந்தாவதை அனுப்புகிறேன். நிறுத்தி நிதானமாக வாசி.

"நம் சபையின் சகோதரி ஷெரின் ஜாய்ஸ் விமலுக்கு, கடந்த பிப்ரவரி மாதம் இதே இடத்தில் அருளப்பட்ட பாஷை தெலுங்கு என்பது இப்போது வெளியாகியிருக்கிறது. படிக்காமலே அந்தப் பாஷையை அவள் பெற்றது எதற்காக என்பதும் விளங்கிவிட்டது. ஆந்திராவின் மலைக்கிராமங்களில் ஊழியம் செய்யும் அழைப்பை ஏற்று, கணவரின் முழுச் சம்மதத்தோடு, அவள் புறப்பட்டுப் போயிருக்கிறாள். அவளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்."

இதில் ஒரு வசதி இருக்கிறது. அன்றைக்கு அவள் பேசியது தெலுங்கு என்று பின்னால் யாராவது கிளப்பினாலும் நமக்குச் சேதமில்லை, நாமே முந்திச் சொல்லிவிட்டோம். எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. சரியாக ஒரு நிமிஷம்.

பெலிக்ஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
7.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று வாசித்தேன். சபை அழுதது. ஜெயபாய்தான் அதிகமாக அழுதாள். "அன்னைக்கே எனக்குத் தெலுங்கு மாதிரித்தான் பட்டுச்சு, அம்புட்டும் தேவ செயல்" என்று வெளியே நின்று எல்லோரிடமும் சொன்னாள். மாதத்தில் ஒரு நாள் அவளுக்காக உபவாசம் என்று பாஸ்டர் அறிவித்துவிட்டார். கல்யாண போட்டோவில் விமலை வெட்டிவிட்டு அவளை மட்டும் பெரிதாக்கிச் சுவரில் மாட்டப் போகிறார்கள். இரண்டு பெண்கள் தங்கள் பிள்ளைகளை இந்தச் சனிக்கிழமை காத்திருப்பு ஜெபத்துக்குக் கொண்டுவருகிறார்கள், ஷெரின் மாதிரி ஆக வேண்டுமாம்.

எனக்கு ஒரே ஒரு பயம். அவள் திரும்பி வந்துவிட்டால் என்ன சொல்வது? வராதபடி தினமும் காலையில் ஜெபிக்கிறேன். நீயும் ஜெபி. உன்னைத் தேடி வந்தாலும் சரி, போனில் கூப்பிட்டாலும் சரி, நீ இளகிவிடாதே.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். 13ஆம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வா. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். தனியாகப் பொங்கித் தின்று இளைத்துப்போய்விட்டாய், மைக்கைப் பிடித்து நின்றபோதே பார்த்தேன்.

அக்கா


இராஜபாளையம்
10 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மத்தியானம் யூனிட்டில் சாப்பாட்டு நேரம். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. மூன்று தடவை அடித்தது. எடுக்கவில்லை.

பிறகு அய்யம்மாளின் போன் அடித்தது. அவள் எடுத்துப் பேசிவிட்டு, நேரே என் மேசைக்கு வந்து போனை நீட்டினாள். "சார், பாப்பா பேசுது. அப்பா சாப்பிட்டாரான்னு மட்டும் கேக்கணுமாம்."

வாயில் சோறு இருக்கிறது என்று கையால் காட்டினேன். அவள் போகவில்லை. போனை நீட்டியபடியே நின்றாள். நானும் மெதுவாக மென்றேன். கடைசி உருண்டைவரை மென்றேன். டப்பாவை மூடியபோது போனின் திரை அணைந்திருந்தது.

ஞாயிறு பத்தரை பஸ்ஸில் வருகிறேன். குழம்பில் உப்பைக் குறைத்துப் போடு. எனக்கு இப்போது பிரஷரும் இருக்கிறது.

தம்பி,
பெலிக்ஸ்